நீள்வட்டத்தை அளந்த ஈரோட்டுக்காரர்

ஈரோடு என்றதும் மஞ்சள் மண்டியும், ஜவுளிச் சந்தையும், தந்தை பெரியாரும்தான் எல்லோருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வரும். கணித மேதை சீனிவாச ராமானுஜன் பிறந்ததும் இந்த ஊர்தான் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். அவரைக் கும்பகோணத்துக்காரர் என்றே கேட்டுப் பழகிவிட்டார்கள். வளர்ந்தது கும்பகோணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 22.12.1887 அன்று அவர் பிறந்தது ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற பாட்டியின் வீட்டில். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது நம் பக்கத்து வழக்கம் தானுங்களே!

அவரைப் பற்றி எத்தனையோ மலர்களில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். பொறியியல் படித்தவர்கள் நடத்தும் இந்த மலரில் மறுபடியும் ஏன் எழுத வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. ராமானுஜன் என்றால் எண்கள் என்றே நினைக்கிறோம். வட்டத்தையும் நீள்வட்டத்தையும் அளப்பதிலும் அவர் அரிய வேலை செய்திருக்கிறார். இன்று கம்ப்யூட்டரில் கேட் மென்பொருளை வைத்துப் பாகங்களை வடிவமைக்கும் நம் நண்பர்களுக்கு அது ரொம்பவும் நெருக்கமான வேலை. இரண்டாவது காரணம், அவர் கல்லூரியில் தோற்ற மாணவர். ஒரு முறை அல்ல, பல முறை. பழைய மாணவர் சங்கம் ஒன்று நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

பாட்டி வீடும் கும்பகோணமும்

தாயார் கோமளத்தம்மாள். அவருடைய தந்தை ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். ராமானுஜனின் தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். வசதி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தாய்வழிக் குடும்பத்துக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் மீது அளவு கடந்த பக்தி. அந்தப் பக்தி மகனுக்கும் வந்தது. தம் கணக்குகளுக்கு அந்தத் தாயாரின் அருளே காரணம் என்று அவர் நம்பினார்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது தாயார் கும்பகோணம் திரும்பினார். 1889 டிசம்பரில் அம்மை போட்டது. பிழைத்துக்கொண்டார். 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் வரிசையில் தேறி, கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். 1903இல், பதினைந்து வயதில், ஜி.எஸ். கார் எழுதிய ஒரு தடித்த கணிதப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 தேற்றங்களை வரிசையாக அடுக்கி வைத்த புத்தகம். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஒரு வரிதான். வேறு பிள்ளை என்றால் மூடி வைத்திருப்பான். இவர் ஒவ்வொன்றையும் தாமே நிரூபித்துப் பார்த்தார். அதைத் தாண்டியும் போய்விட்டார். முடிவை மட்டும் எழுதி, வந்த வழியை எழுதாமல் விடும் பழக்கம் அந்தப் புத்தகத்திலிருந்தே ஒட்டிக்கொண்டது என்பார்கள். காகிதம் வாங்கக் காசு இல்லாததும் ஒரு காரணம். சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார்.

இரண்டு கல்லூரிகள்

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது கணிதத்துக்குப் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அங்கே கணிதம் தவிர வேறு எந்தப் பாடத்தையும் அவரால் கவனிக்க முடியவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. சம்பளம் கட்ட வீட்டில் வழியில்லை. 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். அப்போது வயது பதினேழு.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வருடக் கடைசியில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. மறு வருடம் தனியாக எழுதினார். அதிலும் தோல்வி. கணிதத்தில் தேறி, உடலியல் போன்ற பாடங்களில் தவறினார். அத்தோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது. கையில் மெட்ரிகுலேஷன் மட்டும்தான்.

அந்தக் கல்லூரிகளைக் குறை சொல்லி எழுதுவது சுலபம். ஆனால் விதி அப்படித்தான் இருந்தது. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே போக முடியும். ஆசிரியர்கள் அந்த விதிக்குள் நின்று வேலை பார்த்தார்கள். அந்த விதிக்கு வெளியே ஒரு பையன் வந்து நின்றால் என்ன செய்வது என்று அன்று யாரும் யோசித்து வைக்கவில்லை. இன்றைக்கு மட்டும் யோசித்து வைத்திருக்கிறோமா என்ன?

14.7.1909 அன்று திருமணம். மணப்பெண் ஜானகி, பத்து வயது. ஊர், கரூரைத் தாண்டிக் குளித்தலைப் பக்கம் இராஜேந்திரம். இனிமேல் சம்பாதித்தே ஆக வேண்டும். நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார்.

கைகொடுத்த இன்ஜினியர்கள்

1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். அவர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவர் மூலம் பேராசிரியர் சேஷு ஐயர், அடுத்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். இலவசப் பணம் வாங்கிக்கொண்டே இருக்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1.3.1912 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

இந்த இடத்தில்தான் நம் தொழில்காரர்கள் வருகிறார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் இன்ஜினியர். அலுவலக மேலாளர் நாராயண ஐயர் கணிதம் படித்தவர். இருவரும் இந்தக் குமாஸ்தாவின் நோட்டுகளில் ஏதோ பெரிய சரக்கு இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். சென்னை இன்ஜினியரிங் கல்லூரியில், அதாவது இன்றைய கிண்டி கல்லூரியில், சிவில் பேராசிரியராக இருந்த கிரிஃபித் 1912 நவம்பரில் லண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் ஹில் அவர்களுக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். தமக்கு முழுவதும் விளங்காத ஒரு விஷயத்தை ஒதுக்கித் தள்ளாமல், விளங்கக்கூடியவருக்கு அனுப்பி வைத்தாரே, அதைப் பாராட்ட வேண்டும்.

16.1.1913 தேதியிட்டு ராமானுஜனே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்து நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. எஃப்.ஏ.வே தேறாதவருக்காகச் சென்னைப் பல்கலைக்கழகம் அந்த விதியைத் தளர்த்தியது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். எட்டு வருடம் முன்னால் மூடிய கதவு அப்போது திறந்தது.

வட்டமும் சதுரமும்

அதே 1913இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் ராமானுஜன் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். ஒரு வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தைக் காம்பஸும் ஸ்கேலும் மட்டும் வைத்து வரைவது எப்படி என்பது விஷயம். துல்லியமாக வரைய முடியாது என்று 1882இலேயே லிண்டெமான் நிரூபித்த உண்மையிலிருந்து தெரிந்துவிட்டது. அப்படியானால் எவ்வளவு பக்கத்தில் போகலாம்? பை என்ற எண்ணுக்கு 355/113 என்ற பின்னம் வெகு நெருக்கமானது. சீனத்தில் ஐந்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. அந்தப் பின்னத்தைச் சில கோடுகளில் வரைந்து முடிக்கும் வழியை ராமானுஜன் கொடுத்தார்.

நாம் கவனிக்க வேண்டியது கட்டுரையின் கடைசி. தம் வழியில் எவ்வளவு தவறு வரும் என்பதையும் அவரே கணக்கிட்டுச் சொன்னார். 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டமாக இருந்தால், சதுரத்தின் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். அன்றைய சென்னை மாகாணத்தின் பரப்பே ஏறக்குறைய அவ்வளவுதானுங்க. மாகாணம் முழுவதையும் வளைத்து ஒரு வட்டம் போட்டால், ஒரு அங்குலப் பிசகு!

1914இல் இங்கிலாந்தில் வெளியான பெரிய கட்டுரையில் இன்னொரு வரைமுறை வந்தது. 8,000 மைல் விட்டமுள்ள வட்டம், அதாவது சுமாராகப் பூமியின் அளவு. அதன் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை வரைந்தால் பிழை ஒரு அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். பையைக் கணக்கிட அதே கட்டுரையில் அவர் தந்த தொடர்களில் ஒன்றை வைத்து 1985இல் கோஸ்பர் என்பவர் கம்ப்யூட்டரில் ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கங்கள் வரை போனார். 2022இல் நூறு லட்சம் கோடி இலக்கங்களைக் கண்டபோது பயன்பட்ட சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் தொடரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஓவல் டேங்க் கணக்கு

அந்த 1914 கட்டுரையின் கடைசிப் பகுதியில்தான் நீள்வட்டம் வருகிறது. முதல் வருடம் இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நீள்வட்டம் வரைந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வரைந்துவிடலாம். பரப்பும் சுலபம். ஆனால் சுற்றளவு? அதற்கு வட்டத்துக்கு இருப்பது போல ஒரு சிறிய சரியான சூத்திரம் கிடையாது. முடிவில்லாத தொடராகத்தான் வரும்.

நம் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் தண்ணீர் லாரிக்கு ஓவல் டேங்க் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான நீள்வட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அகலம் 2.4 மீட்டர், உயரம் 1.6 மீட்டர். தகடு என்ன நீளத்துக்கு வெட்ட வேண்டும்? பாதி அகலம் 1.2, பாதி உயரம் 0.8. இரண்டையும் கூட்டிப் பையால் பெருக்கு என்பது ஒரு வழி. 6.283 மீட்டர் வரும். உண்மையான நீளம் 6.346 மீட்டர். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தகடு குறையும். வெல்டிங் வைக்கப் போனால் இரண்டு முனையும் சேராது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்து, பையின் இரு மடங்கால் பெருக்குவது புத்தகங்களில் இருக்கும் இன்னொரு வழி. 6.408 வரும். இப்போது ஆறு சென்டிமீட்டர் கூடுதல். தகடு வீண்.

ராமானுஜன் வழி இது. பாதி அகலத்தையும் பாதி உயரத்தையும் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். நம் கணக்கில் 6 வரும். அடுத்து, பாதி அகலத்தோடு மூன்று மடங்கு பாதி உயரத்தைக் கூட்டினால் 3.6. மூன்று மடங்கு பாதி அகலத்தோடு பாதி உயரத்தைக் கூட்டினால் 4.4. இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 3.97995. இதை 6இலிருந்து கழித்துப் பையால் பெருக்குங்கள். 6.346 மீட்டர். உண்மை நீளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. (தகட்டின் கனத்துக்கு நடுக்கோட்டில் அளவு எடுக்க வேண்டும். அது பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

நீள்வட்டம் ரொம்பவும் தட்டையானால் பிழை கூடும். முழுக்கத் தட்டையாகி ஒரு கோடாகவே ஆனாலும் நூற்றுக்கு 0.4 அளவுதான். அதுவும் போதாது என்றால் அவரே தந்த இரண்டாவது சூத்திரம் இருக்கிறது. அதில் அந்தக் கடைசி நிலையிலும் நூற்றுக்கு 0.04தான். இங்கேயும் எவ்வளவு பிழை வரும் என்பதைச் சூத்திரத்தின் பக்கத்திலேயே எழுதி வைத்தார். முதல் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்துக் கண்டதாகவும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இது அவருடைய இரண்டாவது நோட்டில், இந்தியாவில் இருந்தபோதே எழுதியவற்றில், இருக்கிறது.

கேட் மென்பொருளின் உள்ளே நடப்பதும் இந்த மாதிரிப் போராட்டம்தான். திடப்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டர் அதன் முகங்கள், விளிம்புகள், மூலைகள் என்று பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு பம்பு உறையில் சாய்வாக ஒரு துளை போட்டால், இரண்டு வளைந்த முகங்கள் வெட்டிக்கொள்ளும் கோட்டைப் பெரும்பாலும் தோராயமாகத்தான் கண்டுபிடிக்க முடியும். எண்ணுக்குப் பதினைந்து, பதினாறு இலக்கம்தான் அதற்கு இடம். இரண்டு விளிம்புகளுக்கு நடுவே வெகு சிறிய இடைவெளி விழும். இது சேர்ந்ததா, சேராததா? எவ்வளவு பிசகு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற எல்லை சரியாக இல்லாவிட்டால், திரையில் முழுசாகத் தெரியும் பாகம் மெஷினுக்குப் போகும்போது ஓட்டையாகிவிடும். விடையோடு பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது இந்தத் துறையின் உயிர்நாடி. ராமானுஜன் 1913இல் சிலேட்டுப் பலகையில் அதைத்தான் செய்தார்.

கேம்பிரிட்ஜ்

17.3.1914 அன்று நெவாசா கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். கடல் கடக்கக் கூடாது என்ற தடையைத் தாண்ட நாமகிரித் தாயாரின் உத்தரவு கிடைத்தது என்று அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். ஏப்ரலில் லண்டன், பிறகு டிரினிட்டி கல்லூரி. ஹார்டி, லிட்டில்வுட் ஆகியோருடன் வேலை. 1916இல் ஆராய்ச்சி வழியாக பி.ஏ. பட்டம். எஃப்.ஏ. தேறாதவர் நேராக பி.ஏ. ஆனார்! 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே வருடம் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. அந்த ஃபெல்லோ பதவி பெற்ற முதல் இந்தியர் அவர். டாக்சி எண் 1729 கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுவோம்.

ஒரு பொருத்தத்தை மட்டும் சொல்ல வேண்டும். அதே கேம்பிரிட்ஜில்தான் 1970களின் தொடக்கத்தில் இயன் பிரெய்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் திடப்பொருள்களைக் கம்ப்யூட்டரில் கட்டும் முறையை உருவாக்கினார். அவரும் நண்பர்களும் 1974இல் தொடங்கிய ஷேப் டேட்டா நிறுவனத்தின் வழியில் வந்ததுதான் பாராசாலிட். இன்று சாலிட்வொர்க்ஸில் பம்பு வரையும் கோவை, ஈரோடு இளைஞர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த ஊர்ச் சரக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். ராமானுஜனுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இருந்தாலும் நம்மூரில் பிறந்தவர் நடந்த தெருக்கள் அவை என்பதில் நமக்கு ஒரு சந்தோஷம்.

கொடுமுடிக்கு வந்தார்

போர்க்காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், தனிமை. 1917இல் படுத்தவர் பிறகு முழுதாக எழவில்லை. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். அப்படியானால் அன்றைக்கே குணப்படுத்தக்கூடிய நோய். நினைத்தால் மனசு ஆறவில்லை.

1919 ஏப்ரலில் சென்னை திரும்பினார். அந்தக் கோடையில் சில காலம் காவிரிக் கரையில் நம் கொடுமுடியில் வந்து தங்கினார். பிறந்த ஊருக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். கொடுமுடி போகிறவர்கள் மகுடேசுவரரைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். இந்த மனிதர் எலும்பும் தோலுமாக அந்த ஊரில் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு கும்பகோணம், மறுபடி சென்னை. 12.1.1920 அன்று ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். அதிலும் புதிய கணிதம். 26.4.1920 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகி அம்மாள் அதன்பிறகு எழுபத்து நான்கு வருடம் வாழ்ந்தார். தையல் வேலை செய்து தம் காலில் நின்றார். திருவல்லிக்கேணியில் வாழ்ந்து 1994இல் மறைந்தார். கணவரின் கடைசி வருடத்துத் தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் 1976இல் கிடைத்ததை அவர் கேள்விப்படும் வரை இருந்தார். 2012 முதல் டிசம்பர் 22 தேசியக் கணித தினம்.

ஒரு வேண்டுகோள்

சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் தர முடிவு செய்தபோது, 11.1.1919 அன்று நோயுடன் ஆஸ்பத்திரியில் இருந்தபடி பதிவாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அந்தத் தொகை தம் தேவைக்கு மிகவும் அதிகம் என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவும் போக மீதியை ஏழை, அனாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பதினேழு வயதில் சம்பளம் கட்ட முடியாமல் ஊரை விட்டு ஓடியவர் எழுதிய கடிதம் அது.

நம் சங்கம் வருடா வருடம் முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்குப் பரிசு தருகிறது. நல்ல காரியம், தொடரட்டும். அதோடு கூட, அரியர் விழுந்து பரீட்சைப் பணம் கட்ட முடியாமல், ஆனால் பட்டறையிலோ கம்ப்யூட்டர் முன்னாலோ ஏதாவது ஒன்றைத் தானாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரைத் துறை ஆசிரியர்கள் அடையாளம் காட்டட்டும். அவருடைய கட்டணத்தை நாம் கட்டுவோம். வருடத்துக்கு ஒருவர் போதும். டிசம்பர் 22 அன்று அதைக் கொடுக்கலாம். இந்த முறை பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கும்படி நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.